மசாஃபி மலையில் ஒரு கழுதைப் பாதை

2005 குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஷார்ஜா ரோலாவில் என் சைக்கிள் கடையிலிருந்து கிளம்பினேன். பிக்கப்பின் பின்னால் இரண்டு மலை சைக்கிள்கள். விசா முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போனவை. பக்கத்தில் முருகேசன், புதுக்கோட்டைக்காரன். துபாயில் ஒரு சைட்டில் சர்வேயருக்கு அளவுக் கம்பு பிடிப்பான். அவர் காட்டும் இடத்தில் பெயிண்டால் குறி போடுவான். லீவு நாளில் என் கடைக்கு வந்து டயர் கழற்றுவான். ஓட்ட ஒரு சைக்கிள் கொடுத்தால் போதும், வேறெதுவும் கேட்க மாட்டான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். என் கடைக்கு ஒரு ஐரோப்பிய இன்ஜினியர் வருவார். கடலில் கல்லைக் கொட்டித் தீவு கட்டும் வேலையில் பெரிய ஆள். ஒருநாள் ஆல்ப்ஸ் மலைப் படங்களைக் காட்டினார். மாடு மேய்ப்பவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள். சைக்கிளுக்காக யாரும் வெட்டியதில்லை, அதனால்தான் அதில் இறங்குவது தனி சுகம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இங்கே அப்படி ஒன்றுமே கிடையாது. வெறும் கல்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கீழக்கரைக்காரன், இந்த மலைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் மலையில் ஆள் இருந்தால் பாதை இருக்காதா? பறந்தா போவார்கள்? ஒரு பாதையைக் கண்டுபிடித்து, வழியை எழுதிக் கையில் கொடுக்கிறேன் என்று அவரிடமே சவால் விட்டேன்.

ஷார்ஜாவிலிருந்து தைத் வழியாக மசாஃபி எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தைத் தாண்டியதும் சிவப்பு மணல், பிறகு திடீரென்று மொட்டை மலை. மசாஃபியில் டீ ஒரு திர்ஹம். ரோலாவில் அதில் பாதி, ஐம்பது ஃபில்ஸ்.

"என்ன பாய், மலை ஏறுனா டீ விலையும் ஏறுமா?" என்றான் முருகேசன்.

கடை வாசலில் கல் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவரிடம் கல் எங்கே போகிறது என்று இந்தியில் கேட்டேன். "சமுந்தர், பாய்" என்று கையை மேற்கே வீசினார். மலையை உடைத்துக் கடலில் போடுகிறார்கள். அதற்கு இத்தனை லாரி.

திப்பா ரோட்டில் திரும்பி, வாதி என்னும் வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றின் வாயில் வண்டியை நிறுத்தினோம். முதலில் பிடித்த ஆட்டுத் தடம் ஒரு செங்குத்துப் பாறையில் போய் முடிந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து, திட்டிக்கொண்டே திரும்பினோம். அப்போதுதான் முருகேசன் கத்தினான்.

"பாய், அம்புக்குறி! செவப்பு பெயிண்ட்டு!"

"யாரோ புண்ணியவான் சைக்கிள்காரனுக்குன்னே போட்டு வச்சிருக்கான்டா."

குறிகளைப் பிடித்துக்கொண்டு மேலே தள்ளினோம். அசல் பாதை. ஒரு கழுதை பொதியோடு போகிற அகலம். வெளி ஓரத்தில் கையால் அடுக்கிய கல். கழுதை எங்கே மூச்சு வாங்குமோ அங்கே ஒரு வளைவு. பல தலைமுறைக் குளம்பு பட்டுப் பாறை வழவழத்துக் கிடந்தது. இதையா அந்த ஆள் இல்லை என்றார்?

உச்சியில் படிப்படியாகச் சின்ன வயல்கள்; மழையை நம்பி விதைத்த கோதுமை. சாலிம் என்ற முதியவர் இருந்தார். கைத்தடியின் முனையில் சிறு கோடரித் தலை. இந்த மலைக்காரர்கள் அதில்லாமல் வெளியே இறங்குவதில்லை. சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்தக் கழுதை என்ன தின்னும்?" என்று அரபியில் கேட்டார்.

"எண்ணெய் மட்டும்" என்றேன், என் கடை அரபியில். விழுந்து விழுந்து சிரித்தார். கஹ்வா என்னும் அரபிக் காபியும் பேரீச்சம்பழமும் வந்தன.

பாதைக்கு இங்கே ஒரு சட்டம் உண்டாம். மழைக்குப் பின் அதில் போகிற எவரும், சரிந்து கிடக்கும் கல் ஒன்றையாவது எடுத்து ஓரத்தில் வைக்க வேண்டும். விருந்தாளியும் விலக்கில்லை. பாதை இருந்தால்தான் கழுதை வரும். கழுதை வந்தால்தான் வயலுக்கு விதை வரும்.

நான் நன்றி சொல்ல நினைத்து, "அம்புக்குறி போட்டதும் நீங்கள்தானே?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கஸ்ஸாரா" என்றார். கல் உடைக்கும் கிரஷர். ஈத் பெருநாள் முடிந்ததும் வெடி வைப்பார்களாம். "கலாஸ், எல்லாம் முடிந்தது. சர்க்கார் எனக்குக் கீழே வீடு கொடுத்தது. வயலைக் கீழே எடுத்துப் போக முடியுமா?"

முருகேசன் எழுந்து போய்ப் பக்கத்துப் பாறையில் இருந்த குறியைக் குனிந்து பார்த்தான். அம்புக்குக் கீழே ஒரு நம்பர்.

"பாய், இது சைட் மார்க்கு. நான் தெனம் போடுறதுதான்."

"தெனம் போடுறவனுக்கா தெரியல?"

"லீவு நாளு பாய். லீவு நாள்லயும் டூட்டியவா தேடுவாங்க?"

எங்களை இங்கே கூட்டி வந்ததே இதை அழிக்க வந்தவனின் பெயிண்ட்.

இறங்கினோம். இருபது வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன், அப்படி ஓட்டியதில்லை. வளைவுகள் தாமாக வண்டியைத் திருப்பின. முருகேசன் பின்னால் சின்னப் பிள்ளை போலக் கூவிக்கொண்டு வந்தான். திடீரென்று சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு கல்லைத் தூக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா? வெடி வைக்கப் போறானுவ!"

"அந்தப் பெரியவரு இன்னும் கல்லு வைக்கிறாருல்ல பாய்."

நானும் இறங்கி ஒன்றை வைத்தேன். மசாஃபியில் ஜும்மா தொழுகை கிடைத்தது. திரும்பும் வழியெல்லாம் முன்னால் கல் லாரி. கண்ணாடி முழுக்கத் தூசி.

மறு வாரம் இன்ஜினியர் பிரேக் கேபிள் மாற்ற வந்தார். பாதை கிடைத்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கிடைத்தது. உங்கள் ஆல்ப்ஸ் தோற்றது."

"எங்கே? வழி சொல்லுங்கள்."

"நீங்கள் போக வேண்டாம். ஈத் முடிந்ததும் அதுவே லாரி ஏறி உங்கள் தீவுக்கு வரும்."

வேடிக்கை என்று நினைத்து மறுபடி சிரித்தார். மாட்டோடு நடந்த தடத்தைத் தன் ஊரில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கழுதையோடு நடந்த தடத்தை இங்கே கடலில் கொட்டுகிற மனிதருக்கு இதற்கு மேல் என்ன விளக்குவது? சைக்கிளைத் திருப்பி அவர் கையில் கொடுத்து, வேறு கடை பார்க்கச் சொன்னேன்.