மூன்று தட்டு, இரண்டு தட்டு

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட்காரர், லத்தீன் ஜாஸ் குழுக்களில் காங்கா மேளம் வாசித்தே தலை நரைத்தவர். விரல்களில் எப்போதும் பிளாஸ்திரி. எங்கே நின்றாலும் எதையாவது தட்டுவார். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு. மூன்று கேள்வியாம், இரண்டு பதிலாம். கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டுமாம், அவர்கள் இசையே அதன்மேல்தான் நிற்கிறதாம்.

ஒருநாள் லாண்டரி ரூமில் என்னிடம், "உங்க பொண்ணு கெட்டிக்காரி. பிராக்டிஸ் பண்றப்போ சுவர்ல மூணு தட்டுவேன். உங்க பக்கத்துலேர்ந்து கரெக்டா ரெண்டு வரும்" என்றார்.

"எப்போ பிராக்டிஸ் பண்ணுவீங்க?"

"மத்தியானம்தான். சாயங்காலம் கச்சேரி இருக்குமே."

மத்தியானம் நானும் கணவரும் ஆபீஸில், பெண் டேகேரில். வீடு பூட்டியிருக்கும். அதைச் சொன்னேன். வாஷிங் மெஷின்மேல் தட்டிக்கொண்டிருந்த அவர் கை மூன்றோடு நின்றது.

"நேத்து அந்தப் பக்கம்தான் முதல்ல மூணு தட்டினது" என்றார் மெதுவாக. "நான் பதில் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் எதையும் தட்டி நான் பார்க்கவில்லை.

"பைப் சத்தமா இருக்கும், சும்மா பயப்படாத" என்றார் கணவர். ஆனால் லீவு நாள் மத்தியானங்களில் டி.வி.யை முதலில் உரக்க வைத்தது அவர்தான்.