அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய சட்டை

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னைய நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று என் அம்மா தினமும் சொல்வாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் பிளஸ் ஒன்னில் ஒரே வகுப்பு, திருப்பூருக்கு ஒரே பஸ். அவள் உள்ளூர்க்காரி. குறுக்கே வந்த பூனையைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவாள். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வேன். அவளும் சிரித்துக்கொள்வாள்.

காலை பஸ் முழுக்க பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். டிபன் பைகளுக்கு நடுவே எங்கள் புத்தகப் பை நசுங்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் வருவான். நெற்றியில் விபூதி, தேய்த்த சட்டை, பார்த்தால் கோயில் தர்மகர்த்தா மாதிரி இருப்பான். எத்தனை இடம் இருந்தாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் வந்து நிற்பான். டிரைவர் பிரேக் போட்டாலும் சாய்வான், போடாவிட்டாலும் சாய்வான். அவன் கை எங்கெல்லாம் வரும் என்று எழுத எனக்கு இன்றும் கூசுகிறது. நான் ஒருநாள் முழங்கையால் ஓங்கி ஒரு இடி இடித்தேன். என்னை விட்டுவிட்டான். அவளைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க அப்பாட்ட சொல்லுடி" என்றேன்.

"சொன்னா அக்காளுக்கு ஆனதுதான் எனக்கும் ஆகும் புள்ள" என்றாள்.

அக்காளுக்கு ஆனது எங்கள் லைன் வீடு மொத்தத்துக்கும் தெரியும். பத்தாவது படிக்கும்போது, தெருமுக்கில் ஒருவன் நின்றுகொண்டு தினமும் பின்னால் வருகிறான் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்தி, தன் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்த்துவிட்டார். கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றாராம். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எவனோ செய்த வேலைக்கு அவள் படிப்புப் போனது.

அக்காளின் செக்கிங் வேலையிலிருந்துதான் இவளுக்கு அந்த யோசனை வந்தது. தைத்த பனியனில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, அடுத்த ஆளுக்குத் தானாகப் புரியும். திருப்பூரில் அந்த அம்பு தெரியாதவர் யாரும் கிடையாது. அக்காளின் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு தினமும் இரண்டு மூன்று ஸ்டிக்கராவது வீட்டுக்கு வரும்.

"அவன் சட்டையில ஒட்டி வுட்டர்லாம். பஸ்ல இருக்கறவங்க பாத்துக்குவாங்க. நாம வாயே தொறக்க வேண்டாம். ஊட்டுக்கும் தெரியாது" என்றாள்.

அடடா, என்ன மூளை என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் அவன் வழக்கம்போல் வந்து நின்றான், வழக்கம்போல் சாய்ந்தான். அவள் உள்ளங்கையில் ஸ்டிக்கரோடு தயாராக இருந்தாள். ஆனால் திரும்பி அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் கொண்டுபோய் ஒட்டினாள். அந்த நேரம் பார்த்து பஸ் வளைவில் திரும்பியது. கூட்டம் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. ஸ்டிக்கர் போய் ஒட்டியது ஒரு வடநாட்டுத் தொழிலாளியின் சட்டையில்.

சீட்டில் இருந்த ஒரு பனியன் கம்பெனி டெய்லர் அம்மா முதலில் சிரித்தார். "ஏனுங்க, நல்ல சட்டைல டேமேஜ் ஸ்டிக்கரு ஒட்டியிருக்குது?" என்றார். பிறகு இவள் கண் கலங்கி, கை இன்னும் பின்னால் நீண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. "புள்ளைய என்னடா பண்ணுன?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு அந்த மனிதரைப் பிடித்துத் தள்ளினார்கள். அவர் "க்யா ஹுவா? மைனே குச் நஹீ கியா" என்று, தான் ஒன்றும் செய்யவில்லை என்பதையே இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார், யார் காதில் விழுகிறது? எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது யார் தெரியுமா? அந்த விபூதிக்காரன்தான். அவர் காலரைப் பிடித்துக்கொண்டு, "இவனுங்களே இப்படித்தானுங்க! கீழ தள்ளுங்க!" என்கிறான். அடப்பாவி!

"அவரு இல்ல! அவரு இல்ல!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "நீ சும்மா இரு பாப்பா" என்று யாரோ அடக்கினார்கள். என் வாய் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

அப்போதுதான் அவள் திரும்பினாள். இந்தத் தடவை விபூதிக்காரன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அண்ணா, அவரை வுடுங்க. நீங்கதானுங்க என்மேல கைய வெச்சீங்க. இன்னிக்கு மட்டுமில்லீங்க, தினமும் வெக்கறீங்க."

அந்த நேரத்திலும் அவளுக்கு 'ங்க' போகவில்லை.

அவன் முகம் வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டு மிரட்டினான். "யாரு புள்ள நீ? உங்கொப்பன் யாரு? வந்து பேசிக்கறேன்."

அவள் பயந்ததே அதற்குத்தான். ஆனாலும் "கட்டிங் மாஸ்டர் மகளுங்க. பெருமாநல்லூர்ல லைன் ஊடு. வந்து சொல்லுங்க" என்றாள்.

டெய்லர் அம்மா எழுந்து வந்து அவன் கையை அந்தக் காலரிலிருந்து பிய்த்தெடுத்தார். கண்டக்டர் விசில் ஊதி, பஸ்ஸை நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். "ஒரு நாளு லேட்டாப் போனாக் கம்பெனி ஒண்ணும் முழுகிப் போயிராது" என்று டெய்லர் அம்மாவும் இன்னும் சில பெண்களும் எங்களோடு இறங்கினார்கள். உள்ளே போவதற்கு முன் அவள் அந்த வடநாட்டுக்காரரிடம் போய், சட்டையிலிருந்த ஸ்டிக்கரை எடுத்தாள். "மன்னிச்சுக்கோங்க அண்ணா" என்றாள். அவருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார்.

அவனைப் பிடித்துக் கொடுத்து, புகார் எழுதித் தந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். சாயங்காலம் நாங்கள் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்திருந்தது. அவள் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "நாளையிருந்து பஸ்ஸு வேண்டாம் கண்ணு. அக்காகூட செக்கிங்குக்கு வந்துரு" என்றார்.

"அது எப்படி மாமா நியாயம்?" என்று நான் உள்ளே பாய்ந்தேன். என் அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. "நான் நாளைக்கும் பள்ளிக்கோடம் போவனுங்கப்பா. பஸ்ஸுல அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டனுங்க. உங்ககிட்டச் சொல்லத்தான் எனக்கு அதைவிடப் பயமா இருந்துச்சுங்க" என்றாள்.

அப்போது வேலை முடிந்து வந்த அக்கா வாசலில் நின்றிருந்தாள். துப்பட்டாவில் இரண்டு ஸ்டிக்கர். அந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அன்னிக்கு நான் சொன்னனுங்கப்பா. என்னைய நிறுத்துனீங்க. என் பின்னாடி வந்தவன் இன்னிக்கும் அதே தெருமுக்குலதானுங்க நிக்கறான். இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்."

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். சின்ன மகளிடம், "நாளைக்கு பஸ்ஸுக்கு நேரத்துலயே கெளம்பிக்கோ கண்ணு" என்றார். வாசலில் நின்ற பெரிய மகளிடம் போனார்.

"எந்த முக்கு சாமி? வா, அப்பாவுக்குக் காட்டு."

அக்கா அழுதுகொண்டே முன்னால் நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம்.