ரிப்பன் வெட்டும் வரை

அன்னூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பம்ப் கம்பெனி எங்கள் பெண் பிள்ளைகளுக்குப் புதுக் கழிப்பறை கட்டிக்கொடுத்தது. குறை சொல்ல முடியாது. நல்ல டைல்ஸ், நல்ல கதவு, எந்நேரமும் தண்ணீர். சுவரில் கம்பெனிப் பெயரை மெயின் ரோட்டிலிருந்தே படிக்கலாம். காசு போட்டவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டடம் எழும்பும்போதே ஊரில் அந்தக் கம்பெனிக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. கதவு திறந்திருக்கிறதா என்று யாரும் வந்து பார்க்கவில்லை.

திறந்திருக்கவில்லை. வேலை முடிந்த அன்றே தலைமையாசிரியை பூட்டுப் போட்டுவிட்டார். முதலாளி வந்து ரிப்பன் வெட்டாமல் நாம் புழங்கினால் கொடுத்தவருக்கு என்ன மரியாதை என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் மரியாதை என்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம்தான். முதலாளி வெளிநாடு போனார். திரும்பி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் திறக்கக் கூடாது என்றார்கள். நான் சாவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். இருந்த பழைய கழிப்பறையையும் புதுசுக்கு இடம் வேண்டுமென்று முன்பே இடித்தாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் சோளக்காட்டுக்குப் போனார்கள்.

என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண் அங்கே போகக் கூச்சப்பட்டாள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். கடைசியில் வலியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள். அடக்கி வைத்ததால் வந்தது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் அம்மாவுக்கு அதே கம்பெனியில்தான் வேலை. வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் அனுப்புகிறேன் என்றார். ஆடி முடிவதற்குள் பெண்ணை உடுமலைப்பேட்டையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே தேங்காய் உடைத்துக் காயவைக்கிற களத்துக்கு வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

ஆவணியில் முதலாளி வந்தார். கம்பெனி வேனில் வந்த பெண்களில் அந்த அம்மாவும் யூனிபார்மோடு நின்றிருந்தார். ரிப்பன் வெட்டியதும் தலைமையாசிரியை பெருமையாகச் சொன்னார்.

"நீங்க வந்து தொறக்கோணும்னு இத்தன மாசமா பூட்டியே வெச்சிருந்தோமுங்க."

முதலாளியின் முகம் மாறியது. "ஏனுங்க, ஒரு போன் போட்டிருந்தா அன்னைக்கே தொறங்கன்னு சொல்லியிருப்பனுங்களே."

அவர் வருத்தம் நிஜம்தான், நடிக்கவில்லை. உடனே போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றோம். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மாவிடம் போய், பெண்ணை இனிக் கூட்டி வந்துவிடலாமே என்றேன். அவள் வரமாட்டாள், அங்கேயே பழகிவிட்டாள் என்றார். வேன் ஹாரன் அடித்தது. இரண்டடி போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மொதலாளி பேசுனதக் கேட்டீங்களா டீச்சர்? தங்கமானவருங்க. நாமதான் ஒரு வார்த்தை கேக்காம உட்டுப்போட்டோம்."

ஆமாங்க என்றேன்.