றெஜினா தேடியெடுத்த பதில்

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுக்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் றெஜினா ஒன்பது வருடமாக வேலை செய்தாள். மன்னார் பேசாலையிலிருந்து கணவன் அல்பேட்டுடன் அகதியாக வந்தவளுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர் பேரின்பநாதன். அங்கே அவர் மேற்பார்வையாளர். பதினெட்டுத் தமிழாட்களை அங்கே சேர்த்துவிட்டவர். மொன்றியலில் கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் அவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை இருக்கும். றெஜினாவும் அவரை வாய் நிறைய ‘அண்ணை’ என்றுதான் கூப்பிட்டாள்.

2008 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, றெஜினாவோடு வேலை செய்த பாலாம்பிகையின் வலது கை இஸ்திரி இயந்திரத்துக்குள் போனது.

ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கிடையே இழுத்து, மறுபக்கம் காயவைத்துத் தள்ளும் பெரிய இயந்திரம் அது. விரிப்பின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக் கொடுக்க வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு; எல்லோரும் அதை ‘பார்’ என்பார்கள். விரல் தவறி உள்ளே போனால் அந்தக் கம்பியில் முட்டும், உடனே இயந்திரம் நின்றுவிடும். ஆனால் நவம்பரிலேயே அதன் சுவிட்ச் பழுதாகிவிட்டது. யாரும் தொடாமலே நாளுக்கு முப்பது தடவை இயந்திரம் நின்றது. கம்பியை மேலே தூக்கித் துணியால் கட்டிவிட்டால் நிற்காமல் ஓடும். அப்படித்தான் மூன்று மாதமாக ஓடியது. அன்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் றெஜினா. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமத்தியதும் அவள்தான்.

ஒரு வாரம் கழித்து பாலாம்பிகைக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. விதியை மீறிப் பாதுகாப்புக் கம்பியைக் கட்டிவைத்தவர் அவரே என்று அதில் எழுதியிருந்தது.

றெஜினா நேராகப் பேரின்பநாதனின் அறைக்குப் போனாள். கட்டினது பாலாம்பிகை இல்லை, நான் என்றாள். நீங்கள் கட்டச் சொல்லித்தான் கட்டினேன் என்றும் சொன்னாள்.

அவர் கதவைச் சாத்தினார்.

“தங்கச்சி, நான் சொன்னதுக்கு உம்மட்ட என்ன இருக்கு? ஒண்டும் இல்லாமல் இப்பிடிக் கதைச்சால் கடைசியில உம்மட பேர்தான் கெடும். அடுத்த வியாழன் வேலைப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வாறார். உமக்கு பிரெஞ்சு சரியாய் வராது, நான்தான் மொழிபெயர்ப்பன். கேட்டால் தெரியாது எண்டு சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“மூண்டு ஈமெயில் போட்டனான் அண்ணை.”

“எனக்கு அப்பிடி ஒண்டும் வரேல்லை” என்றார் அவர்.

வாயால் சொன்னால் மறந்துபோகும், ஈமெயில் போடும் என்று முன்பு சொன்னதே அவர்தான். பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுத்திருந்தாள். அதிலிருந்துதான் சுவிட்ச் பழுதைப் பற்றி ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி றெஜினா அனுப்பினாள். அவர் பதில் போட்டதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்று பின்னேரம் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பாலாம்பிகையின் வீட்டுக்குப் போனாள். கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவள் சோபாவில் இருந்தாள். றெஜினா இருக்கக்கூட இல்லை. நின்றபடியே, அந்தக் கம்பியைக் கட்டினது நான்தான் என்றாள்.

“தெரியும். நீர் கட்டேக்க நான் பார்த்தனான்” என்றாள் பாலாம்பிகை.

“பேந்து ஏன் சொல்லேல்லை?”

“உம்மட பேரைச் சொன்னால் உம்மையும் நிப்பாட்டுவினம். கட்டச் சொன்ன அந்தாள் தப்பிவிடும். அதுக்கு நான் ஏன் வழி விடோணும்?”

றெஜினா அழவில்லை. தெருவில் இறங்கி நடக்கும்போது அவளுக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. ஒரு கை வெந்து கிடப்பவள் தன் பெயரைக் காப்பாற்றியிருக்கிறாள். தான் தெரியாது என்று சொல்வதா?

வீட்டில் அல்பேட் ஒரே பிடியாக நின்றான். வேலை எடுத்துத் தந்த மனிசன், நாளைக்கு எந்த முகத்தோடு சனத்துக்குள் போவது என்று கேட்டான். அவர் போட்ட பதில் கணக்கில் கிடைக்காவிட்டால் பழி முழுக்க உன் தலையில்தான் விழும் என்றான். அது உண்மை என்று றெஜினாவுக்கும் தெரியும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வியாழக்கிழமை சொல்லத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

சனிக்கிழமை நூலகம் திறந்ததும் முதல் ஆளாய் ஒரு கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். கணக்கு முழுவதும் பிரெஞ்சில் இருந்தது. அனுப்பியவற்றுக்குள் அவளுடைய மூன்று கடிதங்களும் இருந்தன. வந்தவற்றுக்குள் அவருடைய பதில் ஒன்றுகூட இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அது வெறுமையாகக் கிடந்தது. முப்பது நாளானால் தானாகவே அழிந்துவிடும் என்று மேலே எழுதியிருந்தது. நவம்பரில் வந்த கடிதம் இனி எங்கே இருக்கப் போகிறது?

ஆனால் தான் எதையும் குப்பைக்குள் போட்டதில்லை என்று அவளுக்கு நிச்சயம். கடிதத்தை வாசித்து முடித்ததும் அதற்கு மேலே இருந்த ‘ஆர்ஷிவே’ என்ற பொத்தானைத்தான் அமத்துவாள். வாசித்தாயிற்று என்று அர்த்தம் என நினைத்திருந்தாள். அமத்தியதும் கடிதம் காணாமல் போகும். பெட்டி துப்புரவாக இருக்கும். மேசையிலிருந்த அகராதியை எடுத்து அந்தச் சொல்லைப் பார்த்தாள். ஆவணமாகச் சேர்த்து வைத்தல் என்று போட்டிருந்தது. அழிப்பதல்ல. அப்படியென்றால் எங்கோ இருக்க வேண்டும்.

மேலே தேடும் கட்டத்தில் பேரின்பநாதனின் பெயரை அடித்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் பெயர் போட்டு எழுதுகிற ஆளில்லை. கடைசியில் ஒரு ‘P’ மட்டும்தான் போடுவார். தான் அனுப்பிய விலாசத்தைத் தேடினாலும் அவளுடைய கடிதங்களே வந்தன; பதில் போட அவர் வேறொரு விலாசம் வைத்திருந்தார், அது அவளுக்கு நினைவில்லை. பிறகு ‘கட்டி’ என்ற சொல்லை, தான் வழக்கமாக எழுதுவதுபோல் இரண்டு t போட்டுத் தேடினாள். அவளுடைய கடிதங்கள் மட்டும் வந்தன. அவர் எப்படி எழுதுவார் என்று யோசித்தாள். அவரைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்கள் பலர் அந்த இடத்தில் t போடுவதில்லை, d தான் போடுவார்கள். தொழிற்சாலைப் பலகையில் பேரின்பநாதன் ஒட்டும் அறிவித்தல்களை ஒன்பது வருடமாக வாசித்தவள் அவள். இரண்டு d போட்டு ‘kaddi’ என்று அடித்தாள்.

வந்தது. நவம்பர் இருபத்தொன்று. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஆர்ஷிவ்’ என்று இருந்தது.

‘சுவிட்ச் புது வருசத்துக்குப் பேந்துதான் வரும். அதுவரைக்கும் பாரை மேலே கட்டிப்போட்டு ஓட்டுங்கோ. மிஷினை நிப்பாட்ட வேண்டாம்.’

அந்தச் சிறு எழுத்தைச் சொடுக்கியதும் அவள் சேர்த்து வைத்த கடிதங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஜனவரிக் கடிதத்துக்கு அவர் எழுதிய பதிலும் அதற்குள் இருந்தது: ‘ஓம், தெரியும். வேலை நடக்கட்டும்.’ றெஜினா ஒவ்வொன்றிலும் நாலு பிரதி எடுத்தாள்.

வியாழக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சாப்பாட்டு அறையில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பக்கத்தில் மொழிபெயர்க்கப் பேரின்பநாதன் இருந்தார். றெஜினாவின் முறை வந்ததும் அவர் கேள்வியைத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். அவள் கையை நீட்டி மறித்தாள். தனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று பிரெஞ்சில் சொன்னாள். ஆண்பால் பெண்பால் எல்லாம் தடம் புரண்ட பிரெஞ்சு. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டாள். கம்பியைக் கட்டியது நான். கட்டச் சொன்னது இவர். பாலாம்பிகை தொடவே இல்லை. மூன்று வசனத்தில் முடித்துவிட்டுத் தாள்களை மேசையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்து, இது என்ன மொழி, யார் வாசித்துச் சொல்வார்கள் என்று கேட்டாள்.

“எழுதினவரே உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறார். அவரைக் கேளுங்கோ” என்றாள் றெஜினா, அதே உடைந்த பிரெஞ்சில்.

பேரின்பநாதன் தாளை வாங்கினார். வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஞாபகமில்லை என்றார். இன்ஸ்பெக்டர் தாளைத் திரும்ப வாங்கிக் கோப்புக்குள் வைத்து, வெளியாள் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பதாகச் சொன்னாள். பேரின்பநாதனை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாள்.

அன்றே இயந்திரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். மார்ச்சில் பாலாம்பிகையின் வேலைநீக்கக் கடிதத்தைக் கம்பனி திரும்பப் பெற்றது. இரண்டு விரல் மடங்காத கையோடு இலையுதிர் காலத்தில் அவள் துவாய் மடிக்கும் பகுதிக்குத் திரும்பி வந்தாள். பேரின்பநாதனை மேற்பார்வையிலிருந்து எடுத்து லொறியில் துணி மூட்டை ஏற்றும் இடத்துக்கு அனுப்பினார்கள். றெஜினாவுக்கும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே பிரெஞ்சில், ‘கட்டினேன். கட்டச் சொன்னார்கள்’ என்றும் எழுதினாள். அந்த வரி கூடாது என்றார்கள். அப்படியென்றால் கையெழுத்தும் இல்லை என்றாள். வரி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு சிலர் வீட்டுக் கலியாண அழைப்புகள் வருவது நின்றது. சோறு போட்ட கையைக் கடித்தவள் என்று ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். என் சோற்றை நான் வேலை செய்துதான் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு றெஜினா வைத்துவிட்டாள்.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை அல்பேட்டோடு ஜான்-டலோன் சந்தைக்குப் போனாள். தக்காளிக் கூடைகளுக்கு முன்னால் பேரின்பநாதனும் மனைவியும் நின்றார்கள். அல்பேட் அவளுடைய கையைப் பிடித்து, அந்தப் பக்கத்தாலே போவோம் என்று மெல்லச் சொன்னான்.

“ஏன்? நல்ல தக்காளி இஞ்சதான் கிடக்கு.”

அவள் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு பழமாக அமத்திப் பார்த்து எடுக்கத் தொடங்கினாள். அல்பேட் கொஞ்ச நேரம் எட்ட நின்றான். பிறகு பையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவளருகே வந்தான்.