பிரேக்கம்மாவின் வலது கால்

பெற்றவர்கள் அவளுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இப்போது அரசாங்கம் மட்டும்தான் பயன்படுத்துகிறது. ஊருக்கு அவள் பிரேக்கம்மா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கல்யாணமான புதிதில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவள், மகள் வேலைக்குப் போகிற காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வலது கால் எப்போதும் அந்தப் பெடலுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்.

நாளடைவில் அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் அழுத்தும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன்சீட்டுக்காரர் முதுகில் உதை விழும். தூக்கத்திலும் பிரேக் போடுகிறாள் என்று கணவர் சொல்வார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அந்தச் சாது மனிதர் தன் கெண்டைக்கால் தழும்பைச் சாட்சிக்குக் காட்டவும் தயாராக இருந்தார். ஊரில் கடைசி நொடியில் கிறீச்சென்று நிற்கிற கார்களில் முக்கால்வாசி அவள் மாணவர்களுடையவை என்பதும் அவர் கட்சி. பிரேக்கை யாரோ பக்கத்திலிருந்து போடுவார்கள் என்று காத்திருந்து பழகிவிட்டார்களாம். பிரேக்கம்மா அதைப் பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிட்டாள்.

மகள் விஷயத்தை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. மகளும் அம்மாவிடம்தான் கார் ஓட்டப் படித்தாள். ஒவ்வொரு தடவை கார் நிற்கும்போதும், “நான் போட்டேனா, நீ போட்டியா?” என்று கேட்பாள். “நீதான்” என்பாள் அம்மா. பச்சைப் பொய். பிள்ளைக்குத் தைரியம் வரட்டுமே என்று சொன்னது. தேர்வில் தேறி, முதல் முறை தனியாகக் காரை எடுத்தவள், திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரரைக் கண்டதும் பக்கத்து சீட்டுக் கால் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சைக்கிள்காரர் தப்பினார், பேக்கரிச் சுவர் தப்பவில்லை. அன்றைக்குப் பர்ஸில் பஸ் பாஸுக்குப் பின்னால் போன லைசென்ஸ் பிறகு வெளியே தலைகாட்டவே இல்லை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிற அவள் மற்றவர்கள் வாயைப் பயமில்லாமல் திறக்கிறாள், கார்க் கதவைத் திறக்கத்தான் கை நடுங்குகிறது. மகள் சரியான பயந்தாங்கொள்ளி என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவள் ஆகாய விமானம் ஓட்டக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு பேங்க் மேனேஜர். ஊருக்கு வெளியே சின்ன விமானங்கள் ஏறி இறங்குகிற மைதானம் ஒன்று உண்டு. அதன் வேலியோரச் சாலை எப்போதும் காலியாக இருக்கும் என்பதால் புது மாணவர்களை அங்கே கூட்டிப் போவாள். ஒருநாள் அப்படிக் கற்றுக்கொள்ள வந்த மேனேஜர், தலைக்கு மேலே தாழ்ந்து வந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டே காரை நேராக வேலிக்குள் விட்டார். ஊரறிந்த அந்தக் கால் அன்றைக்கு மட்டும் வேலை செய்யவில்லை. ஏனென்றால் பிரேக்கம்மாவும் வாயைப் பிளந்து விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்க உள்ளே போனவளை, மகள் வயதுடைய ஒரு பயிற்சியாளர் விமானத்தருகே கூட்டிப் போய்க் காட்டினாள். இரண்டு இருக்கைகள். இரண்டு பேருக்கும் தனித்தனி ஸ்டியரிங், தனித்தனிப் பெடல்கள். காலமெல்லாம் ஒற்றைப் பெடலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோனது. யார் ஓட்டுவார்கள் என்று கேட்டாள். கற்றுக்கொள்கிறவர்தான் என்றாள் பயிற்சியாளர். அன்றைக்கே சேர்ந்துவிட்டாள். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்கு வேண்டிய கண் பரிசோதனையில் எப்படியும் கவிழ்ந்துவிடுவாள் என்று நம்பினார். தன் கடையிலேயே உட்காரவைத்து, கடைசி வரி வரை அவள் கடகடவென்று படித்ததைக் கேட்டபோதுதான் தன் தொழிலே தனக்குத் துரோகம் செய்ததாக நினைத்தார்.

பிரேக்கம்மாவும் பயிற்சியாளரும் ஒருவரையொருவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்; வயதில் மூத்தவள் பெரிய மேடம், பயிற்சியாளர் சின்ன மேடம். முதல் நாள் தரையில் ஓட்டும்போது பெரிய மேடம் காரில் திருப்புவதுபோல ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினாள். விமானம் அதைச் சட்டையே செய்யாமல் தன் வழியில் போனது. தரையில் அதைக் காலால்தான் திருப்ப வேண்டும். பெடலின் கீழ்ப்பாதி திருப்புவதற்கு, மேல்பாதி பிரேக். இறங்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்றி, கீழ்ப்பாதியை மட்டும்தான் தொடலாம். மேலே அழுத்தினால் போச்சு. சொல்லும்போது எல்லாம் புரிந்தது.

மேலே போய்விட்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறுக்கே ஆட்டோ வராது, திட்டுவதற்கு ஆள் கிடையாது, அது ஒன்றுதான் கொஞ்சம் வெறிச்சோடி இருந்தது. வம்பெல்லாம் இறங்கும்போதுதான். தரை எழும்பி வருவதைக் கண்டதும் வலது கால் தானாகப் போய்ப் பிரேக்கை மிதித்தது. தரை தொட்டதும் டயர் அலறியது, ரப்பர் கருகியது, விமானம் வலது பக்கம் திரும்பிப் புல்லைப் பார்த்து ஓடியது. சின்ன மேடம் இழுத்துப் பிடித்தாள். அடுத்த முறையும் அதே கதை.

அதற்கடுத்த முறை விமானம் வெண்ணெயில் இறங்கியதுபோல வழுக்கி நின்றது. பிரேக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“இப்ப நான்தானே இறக்கினேன்?” என்றாள்.

“இல்ல மேடம், நான்தான் இறக்கினேன். நீங்க வழக்கம்போல பிரேக்ல நின்னீங்க. நான் காலைத் தட்டிவிட்டேன்.”

அவளுக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. பேச்சுக்காவது ஒரு தடவை நீங்கதான் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேவிட்டாள். சின்ன மேடம் டயரில் எரிந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“பொய் சொல்லி அனுப்பினா, நீங்க தனியா போறப்ப பக்கத்துல இல்லாத காலைத் தேடுவீங்க. இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் மேடம். அப்பவும் கால் மேல போச்சுன்னா இதோட நிறுத்திக்கலாம்.”

பிரேக்கம்மாவின் கண் முன்னால் விமானம் நிற்கவில்லை. பேக்கரிச் சுவர்தான் நின்றது. ஊரெல்லாம் பயந்தாங்கொள்ளி என்று சொல்லித் திரிந்தாளே, அந்தப் பிள்ளை காத்திருந்தது இவள் காலுக்காகத்தானே.

காலைத் திருத்துவதற்குச் சின்ன மேடம் ஒரு வழி சொன்னாள். கூடுதல் பிரேக் இல்லாத காரில், வேறு யாராவது ஓட்ட, குதிகாலை ஊன்றிப் பேசாமல் உட்கார்ந்து பழக வேண்டும். கணவரிடம் கேட்டதும், அவர் தனக்கு நாளைக்கும் கடை திறக்க வேண்டும் என்றார். மிச்சம் இருந்தது ஒரே ஆள். மகள் எடுத்த எடுப்பிலேயே முடியாது என்றாள். தன் வலது கால் இனிமேல் யாருக்கும் வேண்டாம், தனக்கே வேண்டாம் என்று அம்மா சொன்ன பிறகுதான் இறங்கிவந்தாள்.

“வர்றேன். ஆனா ‘நீதான்’னு மட்டும் சொல்லக் கூடாது. என்ன ஆனாலும்.”

அம்மா தலையாட்டினாள். அப்படியானால் அது பொய் என்று இவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கண்ணாடிக் கடைக்காரரின் பழைய காரில் இருவரும் தினமும் வேலியோரச் சாலைக்குப் போனார்கள். அதுவரை அம்மா ஓட்டுவாள், அங்கே மகள். அம்மா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள், வெறுங்காலில் தரை படட்டும் என்று. முதல் நாள் அவள் அழுத்திய அழுத்தில் கால்விரிப்பு சுருண்டு மூலைக்குப் போனது. மறுநாள் கால் அடங்கினால் வாய் கிளம்பியது, வாயை அடக்கினால் கை கதவுப் பிடியைத் தொற்றியது. காரை ஓட்டுகிறவள் நடுங்கியதைவிடச் சும்மா உட்கார்ந்திருந்தவள்தான் அதிகம் நடுங்கினாள். மகளுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அவள் கை நடுக்கம் குறைந்ததை அம்மா கவனித்தாள்.

கடைசி வாய்ப்பு நாளன்று வேலியோரச் சாலையில் மகளே ஓட்டிவந்து இறக்கிவிட்டு, வேலியோரம் காரை நிறுத்திக்கொண்டு நின்றாள்.

விமானம் இறங்கத் தொடங்கியது. ஓடுபாதை அகலமாகி எழும்பி வந்தது. சின்ன மேடம் கையைக் கட்டிக்கொண்டாள், கால்களை இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டாள்.

“கால் எங்க மேடம்?”

“கீழதான்.”

பிரேக்கம்மாவின் வலது தொடை வெடவெடவென்று துடித்தது. மிதி மிதி என்று உடம்பு முழுக்கக் கத்தியது. குதிகாலை ஆணி அடித்ததுபோல் ஊன்றிக்கொண்டாள். விமானம் தரையில் தொம்மென்று விழுந்தது, தவளைபோல எம்பியது, மறுபடி விழுந்தது. ஆனால் நேராக ஓடியது. டயர் அலறவில்லை.

நின்றபின் அவள் பயந்துகொண்டே கேட்டாள்.

“இறக்கினது யாரு?”

“நீங்கதான் மேடம். நான் இறக்கியிருந்தா இப்படியா குதிக்கும்?”

இதைவிட நல்ல பாராட்டை அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை. அடுத்த வாரமும் வரச் சொன்னாள் சின்ன மேடம்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் வேலியோரச் சாலையை விட்டு முதல்முறையாகப் பெரிய சாலையில் காரை ஏற்றினாள். அம்மா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பேக்கரியைத் தாண்டுவதற்குள் சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி ஹாரன் இல்லாமல், வெட்கம் இல்லாமல் மூக்கை நீட்டியது.

கார் நின்றது. லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். லாரிக்காரர் எதையோ மென்றுகொண்டே போய்விட்டார்.

மகள் ஸ்டியரிங்கை விடாமல் குனிந்து பக்கத்தில் பார்த்தாள். அம்மாவின் இரண்டு குதிகால்களும் விரிப்பின் மேல் அசையாமல் இருந்தன. அங்கே பெடல் எதுவும் இல்லை. அம்மா மடியிலிருந்த செருப்பை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கொடுத்த வாக்குக்காக உதட்டைக் கடித்தபடி, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லு” என்றாள் மகள்.

“நீதான்.”