சாமியான போர்டு

போன ஞாயிறு காலை என் தங்கை மகள் திவ்யா வாசலில் வந்து நின்று, "மாமா, ஸ்பேனர் இருக்கா?" என்றாள். சட்டம் படிக்கிற பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு?

சொல்கிறேன். படிப்போடு சேர்ந்த பயிற்சிக்காக அவளை நுவரெலியாவில் ஓர் அரசாங்க வன அலுவலகத்தில் போட்டிருக்கிறார்கள். கிடைத்த முதல் வேலை - கொட்டகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் ஊற்றைக் காப்பாற்றுவது. எங்கள் பீலிக் குழாயில் கொட்டும் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. நம்ம சுரேஷ் தன் த்ரீவீலரைக் கழுவுவதும் அங்கேதான். விளைவு? தேத்தண்ணியில் சோப்பு வாசம்!

திவ்யா மூன்று மொழியில் போர்டு நட்டாள். 'இங்கு வாகனம் கழுவுவது சட்டப்படி குற்றம்.' மறுநாள் போய்ப் பார்த்தால், சுரேஷின் ஈரத்துணி அந்தப் போர்டிலேயே காய்கிறது! விடுவாளா? நின்று நிதானமாகச் சட்டம் பேசினாள்.

"சூப்பரா பேசுறீங்க மிஸ்," என்றான் அவன். சொல்லிக்கொண்டே டயரைக் கழுவினான். எனக்கு வந்த ஆத்திரம்...

பக்கத்து வீட்டு லெட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. "பச்சப்புள்ளைக்குப் பால்மா கரைக்கிற தண்ணிங்க மிஸ் இது!" என்று போனவள், போர்டு கம்பத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் சுரேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றான். அன்றிலிருந்து வண்டி கழுவுவது டவுன் பெட்ரோல் செட்டில்! மூன்று மொழிக்கு மசியாதவன் ஓர் எலுமிச்சம்பழத்துக்கு அடங்கிவிட்டான். தேத்தண்ணியும் தேத்தண்ணியாக இருந்தது.

நம் ஆட்கள் அதோடு நிற்பார்களா? சூடம் வந்தது. மணி வந்தது. தகரக் கூரையும் வந்தது... கடைசியில் ஆபீஸிலிருந்து திவ்யாவின் மேலதிகாரி, பெரிய மாத்தயாவும் வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். கும்பிட்டார். கும்பிட்டு முடித்து, சிங்களத்தில் திவ்யாவிடம் சொன்னார்: "காட்டு எல்லைக்குள் அனுமதியில்லாத கட்டடம். நீ நட்ட போர்டுதானே, நீயே கழற்று."

அதற்குத்தான் ஸ்பேனர்.

"கழட்டுனா சுரேஷ் மறுபடி வந்துருவானே?" என்றேன்.

"தெரியும் மாமா. ஆனா சட்டம்னா சட்டம்."

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போனாள். மறுபடியும் சோப்புத் தேத்தண்ணியா?

போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஸ்பேனரை மேசையில் வைத்தாள். நெற்றியில் குங்குமம்!

"என்னம்மா, கழட்டியாச்சா?"

"அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை இருக்கு மாமா."