குனியக் கூடாத இடுப்பும் ஒரு குடைக் கம்பும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னதெல்லாம் 'கூடாது'தான். குனியக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. தாழ்ந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்து தரையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. என் வலது இடுப்பில் தேய்ந்துபோன எலும்பை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு பந்தை வைத்திருந்தார்கள். அது நன்றாகப் பிடித்துக்கொள்ள மூன்று மாதமாவது ஆகும், அதற்குள் குனிந்தால் கழன்றுவிடும், அடிக்கடி கழன்றால் மறுபடி வெட்ட வேண்டியதுதான் என்றார் டாக்டர். இன்னொரு முறை அந்த மேஜையில் படுக்க எனக்குத் தெம்பில்லை. மூன்று மாதம் கழலாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

பயிற்சி சொல்லித்தந்த பெண் கன்னடக்காரி. "பக்கபேடி அம்மா, பக்கபேடி" என்று அவள் குனியாதே குனியாதே என்று விரட்டிய விரட்டலில், குனிவது ஏதோ கொலைக்குற்றம் என்று தோன்றியது. துணி போடும்போது ஆபரேஷன் ஆன காலை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் காலைக் கடைசியில் எடுக்க வேண்டும், கை முழங்காலைத் தாண்டிக் கீழே போகவே கூடாது. பாவாடையைத் தலைவழியாகப் போட்டுக்கொள்ளலாம். உள்ளாடையை அப்படிப் போட முடியுமா? கார்மெண்ட்ஸில் பன்னிரண்டு வருடம் ஊருக்கெல்லாம் துணி தைத்தவள் நான். என் துணியை எனக்கு உடுத்தத் தெரியவில்லை. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

என் கணவர் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே வேலை குறைந்ததும் ஜோகுபாளையத்துக்குக் குடிவந்து வாட்ச்மேன் ஆனார். அதிகம் பேச மாட்டார், இருமுவார். நான் கட்டிலில் உட்கார்ந்து உள்ளாடையோடு மல்லுக்கட்டுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு வெளியே போனார். துணி கிழிந்த பழைய குடையின் மரக் கம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். வளைந்த பிடியில் துணியை மாட்டித் தரைவரைக்கும் இறக்கி, காலை நுழைத்து மேலே இழுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நானே உடுத்திக்கொண்டேன்.

குடைக் கம்பு தோற்றது ஸ்டாக்கிங்கிடம் மட்டும்தான். ரத்தம் கட்டாமல் இருக்க முழங்கால்வரை போடும் வெள்ளை ஸ்டாக்கிங், யானைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி இழுக்க வேண்டும். எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா, ஆப்பா என்றுதான் கூப்பிடுவோம், காலையில் வந்து போட்டுவிடுவாள். ஐந்தாவது வாரம் அவள் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோலார் போய்விட்டாள்.

"நான் போட்டு உடறேன், இன்னாமே இப்போ" என்றார் அவர்.

"நீங்க என் கால புடிக்கறதா? கல்யாணத்தன்னிக்கு மெட்டி போடப் புடிச்சதோட சரி. என்னைப் பாவத்தக் கட்டிக்கச் சொல்றீங்களா?"

"பாதாளத்துல இருவது வருசம் குனிஞ்சவன். உன் காலாண்ட குனிஞ்சா கொறஞ்சா பூடுவேன்?"

அவர் தரையில் குந்தி என் பாதத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. ஸ்டாக்கிங் குதிகாலில் சிக்கிக்கொண்டது. அவர் இருமிக்கொண்டே பலமாக இழுக்க, அது சட்டென்று விடுபட்டு, என் கால் எகிறி அவர் நெஞ்சில் பட்டது.

யார் மேலாவது கால் பட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். நடக்கப் பழகின நாளிலிருந்து வந்த பழக்கம். புத்தகம் மேல் பட்டாலும் செய்வோம், துடைப்பம் மேல் பட்டாலும் செய்வோம். இது கட்டின புருஷனின் நெஞ்சு. 'கூடாது' பட்டியல், டாக்டர், கன்னடப் பெண் எதுவும் நினைவுக்கு வரவில்லை. என் கை தானாக நீண்டு அவர் நெஞ்சைத் தொட்டது, கூடவே உடம்பும் குனிந்தது. இடுப்புக்குள் 'டொக்' என்றது. விரல் என் கண்ணுக்கு வந்து சேரவில்லை.

வலது கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொண்டது. தெருக்காரர்கள் என்னைப் பலகையோடு வேனில் ஏற்றினார்கள். பட்ட காலிலே படும் என்று யாரோ ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அந்த வலியிலும் அவளைத் திட்டத் தோன்றியது.

ஊசி போட்டு மயக்கி, இழுத்துப் பொருத்தினார்கள். வெட்டவில்லை. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதும் நான் சுவரைப் பார்த்தேன்.

"என் மேல கால் பட்டுச்சு சார். தொட்டுக் கும்பிட்டா" என்றார் இவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. இனிமேல் ஆயுசுக்கும் எனக்குத் தரை கிடையாது, அதில் உட்காரவும் கூடாது, குனியவும் கூடாது என்று மட்டும் சொன்னார்.

மறுபடியும் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தோம். ஆப்பா திரும்பி வந்த பிறகும் அவரே ஸ்டாக்கிங் போட்டார். காபி டம்ளரை என் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டுத்தான் கீழே உட்காருவார். சூடான காபியோடு யாரும் கும்பிட முடியாது. சில நாள் கால் அவர் தோளில் படும், நான் டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொட்டுக் கும்பிடாமல் விட்டதெல்லாம் சேர்த்து ஒரு நாள் அவர் காலில் விழ வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன்.

ஆறேழு வருடம் கழித்து, நெஞ்சில் தங்கியிருந்த சுரங்கத் தூசி அவரைக் கொண்டுபோனது. முன்னறையில் தரையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் மட்டும் சுவரோரமாக நின்றேன். அவர் கால் கீழே இருந்தது.

"ஒரு தபா கால தொட்டுக் கும்புட்டுடு அண்ணி, தூக்கப் போறாங்க" என்றாள் நாத்தனார்.

கட்டிலில் சாத்தியிருந்த குடைக் கம்பை எடுத்துவந்தேன். அதன் வளைந்த பிடியை இறக்கி அவர் பாதத்தில் வைத்து, மேலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இன்னா அண்ணி, குச்சியால தொடறே?" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்க.

நான் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என் கை எட்டாது.